நான் வாங்கிய பச்சை வயர்

மைக்ரோவேவ் அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பின்னால் ஒரு கை தாராளமாகப் போய்வர இடம் விட வேண்டும். உள்ளே சூடு ஏறினால் அதுவும் மூச்சுவிட வழி தேடும். உங்கள் ஸ்டேஷனில் அதை ஃபிரிட்ஜின் தலையில் ஏற்றி, சுவரில் முட்டவைத்து, போதாததற்கு மேலே தொப்பிகளை வேறு அடுக்கியிருக்கிறீர்கள். கெட்டில், செல்போன்கள், அந்த அடுப்பு எல்லாமே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்குகின்றன. வாசலில் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். என்னை என்ன செய்வதென்று பிறகு ஆற அமர முடிவு செய்துகொள்ளுங்கள். முதலில் யாரையாவது அனுப்பி அதைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். நாளைக்கு இந்தக் கட்டடம் தீப்பிடித்தால் அதையும் என் தலையில்தான் கட்டுவார்கள்.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. தண்ணீர்ப் பாக்கெட்கூட வாங்கிக் கொடுத்தீர்கள். என் பெயர் மான்சா. குமாசிப் பெரிய சந்தைக்குப் பின்தெருவில், சீமையில் புழங்கிய வீட்டுச் சாமான் விற்கிறேன். என் புருஷன் குவாச்சே போன மழைக்காலத்துக்கு முன்னால் ரத்தக்கொதிப்பில் இறந்தார். இப்போது அவருடைய அக்கா டூஃபி இறந்திருக்கிறாள், மைக்ரோவேவ் அடுப்பைத் தொட்டு, ஷாக் அடித்து. அந்த அடுப்பை அவள் வீட்டில் பொருத்திக் கொடுத்தவள் நான். ஊர் முழுக்க வேறு கதை பேசுகிறது. நீங்கள் ஒருவர்தான் என்னைக் கூப்பிட்டு வயரைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்ட மரியாதைக்காகச் சொல்கிறேன்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். சீமைக்காரர்கள் பழையதென்று கழித்ததெல்லாம் கப்பலேறி எங்களிடம் வருகிறது. சில அடுப்புகளில் அவர்கள் கடைசியாகத் தின்ற கோழியும் ஓரமாக ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு நாங்கள் தனி விலை போடுவதில்லை. வாங்க வந்தவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணத்தில் கை வைப்போம். உள்ளே ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துச் சூடாக்கி, அவரையே கோப்பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அவர் கையை உதறிக்கொண்டிருக்கும்போதே என் பாடம் தொடங்கும். காலியாக ஓட்டாதீர்கள். கரண்டி, தகரத் தட்டு, தங்க விளிம்பு போட்ட கல்யாணத் தட்டு, எதுவும் உள்ளே போகக் கூடாது. மூடியை இறுக்கிய டப்பா ஆகாது. கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் துணியைச் செருகிச் சமாளிக்காதீர்கள், என்னிடம் தூக்கி வாருங்கள். முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள் என்று ஒரு பாதிரியாரிடம் தலையில் அடித்துச் சொன்னேன். அவருக்கு ஆண்டவர் மேல் இருந்த நம்பிக்கை என் மேல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஒற்றைப் புருவத்தோடு நடத்தினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆபத்தைச் சொல்லாமல் சரக்கைத் தள்ளிவிடுகிறவள் நான் இல்லை. சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சந்தையில்தான் வளர்ந்தேன். என் அம்மா துணி விற்றவள். நன்றாகப் போகிற துணியைக் கூவி விற்பாள். போகாத துணியைக் கூவ மாட்டாள். அதைத் தன் தொடைக்கு அடியில் செருகி, ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள். "அது என்ன துணி?" என்று வந்தவள் கேட்பாள். "அது ஒண்ணுமில்லம்மா, எனக்குன்னு எடுத்து வெச்சது, அத விடு" என்பாள் அம்மா. அப்புறம் அந்தத் துணியை அவளிடம் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டுதான் போவாள்.

அந்த அடுப்புக்கு வருகிறேன். ஒரு கண்டெய்னரில் வந்த சாமான்களில் அதுதான் ராஜா. பெரிய வயிறு, கண்ணாடிக் கதவு, உள்ளே கூரையில் மீனையும் கோழியையும் சிவக்க வாட்டும் கிரில் கம்பி. குவாச்சே பார்த்தார், இது விற்பனைக்கில்லை என்று வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார். வியாபாரி தன் சரக்கின் மேலேயே ஆசைப்படக் கூடாது என்று சொன்னேன். அவர் அன்று மீன் வாட்டிச் சாப்பிடுவதில் மும்முரமாக இருந்தார்.

அது கடித்தது, ஐயா. வெளித்தகட்டைத் தொட்டால் விரலில் எறும்பு ஊரும். கிரில்லைப் போட்டால் எறும்பு தேளாகிவிடும். பழுதுபார்ப்பவரைக் கூட்டிவந்து காட்டினேன். கிரில் கம்பிக்கு வயதாகிவிட்டது, சூடாகும்போது கரண்ட் வெளித்தகடு வரை கசிகிறது, இதற்கு மாற்றுக் கம்பி இங்கே கிடைக்காது, தூக்கிப் போடுங்கள் என்றார். தூக்கிப்போட மனசில்லை என்றால் எர்த்தையாவது ஒழுங்காகக் கொடுங்கள் என்றார். எங்கள் வீடுகளில் பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும். மூன்றாவது ஓட்டை கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. ஜோராக நிற்கும், பின்னால் ஒரு வேலையும் கிடையாது. வீடு கட்டும்போது எர்த் வயருக்குக் காசு எதற்கு என்று குவாச்சே மிச்சம் பிடித்துவிட்டார். அக்கா வீட்டுக்கு ஆள் வைத்து வயரிங் செய்து கொடுத்ததும் அவர்தான். அதே ஆள், அதே சிக்கனம்.

அவருக்கு அடுப்பை விட மனசில்லை. அதனால் நான் என் கடைக்காசில் பச்சை வயர் வாங்கினேன். பழுதுபார்ப்பவர் அதன் ஒரு முனையை அடுப்பின் முதுகில் இருந்த திருகில் முடுக்கினார். மறு முனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, வாழைக்கு அடியில், பாத்திரம் கழுவிய தண்ணீர் விழுந்து எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் ஓர் இரும்புத் தடியை ஆழ அடித்து அதில் கட்டினார். கசிகிற கரண்ட் எல்லாம் அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். அன்றிலிருந்து அந்த அடுப்பு ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. டூஃபி வரும்போதெல்லாம் அதில்தான் எதையாவது சூடு பண்ணுவாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. அடுப்பு ஓடி முடிவதற்குள், இடது கையை அதன் தலையில் ஊன்றிக்கொண்டு வலது கையால் கதவை இழுப்பாள். ஒரு நாளும் கடித்ததில்லை. அப்படி ஒரு வயர் இருப்பதையே அவள் கவனித்ததில்லை.

குவாச்சே போனார். அடக்கம் நன்றாக நடந்தது. கறுப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பாட்டுப் பெட்டிகள் அலறின. துக்கம் முடிந்த கையோடு குடும்பம் என் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கம் சொத்து தாய்வழியில் போகும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொண்டாட்டி என்பவள் நீண்ட நாள் தங்கிவிட்ட விருந்தாளி. அதிலும் நான் பிள்ளை பெறாதவள். வீட்டுச் சாமான் எல்லாம் சட்டப்படி விதவைக்குத்தான் என்று இப்போது சொல்கிறீர்கள். நல்ல சட்டம். அன்றைக்கு என் கூடத்துக்கு அது வந்திருந்தால் உட்கார நாற்காலி போட்டிருப்பேன். நாற்காலியும் அன்றே போய்விட்டது என்பது வேறு விஷயம்.

பெரியவர் ஆனிம், குவாச்சேயின் தாய்மாமன், குடும்பத் தலைவர், தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"இந்த வீடு குடும்பத்துக்கு. இங்க குவாச்சே வாங்கினது எல்லாம் குடும்பத்துக்கு. மான்சா தன் கைக்காசுல வாங்கினது மான்சாவுக்கு. அது ஒரு ஊசியா இருந்தாலும் சரி, அவ வாங்கினதுன்னா யாரும் தொடக் கூடாது."

"அப்ப ஊசியிலேர்ந்தே ஆரம்பிப்போம் மாமா," என்று டூஃபி எழுந்தாள்.

புருஷனின் அக்காவையும் 'என் வீட்டுக்காரர்' என்றுதான் எங்கள் பேச்சில் கூப்பிடுவோம். அவள் என்னைப் 'பொண்டாட்டி' என்பாள். கேட்பவர்களுக்கு வேடிக்கை. குவாச்சே இருந்தவரை அவருக்கு நான் ஒரு முறை சமைத்தால் அவளுக்கு இரண்டு முறை சமைத்தேன். டூஃபி தக்காளி மொத்த வியாபாரி. லாரிக்காரர்களே அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள்.

"ஏ பொண்டாட்டி, இந்தத் திரைச்சீலை யாரு வாங்கினது?"

"நான்தான், வீட்டுக்காரரே."

"அது தொங்குற கம்பி?"

"அவரு."

"அப்ப சீலைய உருவிக்கோ. கம்பி நம்மளுது."

அப்படியே நடந்தது. சூப்புப் பானை அவளுக்குப் போயிற்று, அதன் மூடி எனக்கு வந்தது. கட்டில் அவளுக்கு, மெத்தை எனக்கு. சேர்ந்திருந்ததை எல்லாம் பிரித்து வைத்தவள் அவள்தான். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், சிரித்தார்கள். பெரியவர் ஆனிம் மட்டும் தன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறைக்கு வந்தோம். அங்கே நான் அவளிடம் கெஞ்சினேன். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

"இந்த அடுப்ப மட்டும் எனக்கு விட்டுடுங்க, வீட்டுக்காரரே. அவரு ஆசையா வெச்சிருந்தது. பதிலுக்கு ஃபிரிட்ஜ எடுத்துக்குங்க. அது நான் வாங்கினதுதான், இருந்தாலும் குடுத்துடுறேன்."

டூஃபி என்னைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைப் பார்த்தாள், கடைசியில் அடுப்பைப் பார்த்தாள்.

"ஃபிரிட்ஜக் குடுத்து அடுப்பா? யாருகிட்டடி வியாபாரம் பண்றே? அழுகின தக்காளிக்கு மேல நல்ல தக்காளிய அடுக்குறது எப்பிடின்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவ நான்." கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள். "என்ன இருக்கு இதுக்குள்ள?"

"ஒண்ணுமில்ல. விடுங்களேன், உங்களுக்கு எதுக்கு இது? உங்க வீட்டுலதான் கேஸ் அடுப்பு இருக்கே."

"எனக்கு எதுக்குன்னு நான் பாத்துக்குறேன். மாமா, இது தம்பி வாங்கினதுதானே? இது என் வீட்டுக்குப் போகுது."

என் அம்மாவின் தொடைக்கடியில் இருந்த துணி அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. அம்மா நினைவு வருவது எந்தச் சட்டத்தில் குற்றம்? நான் வாயால் சொன்னதைப் பாருங்கள். இதை எடுக்காதே என்றேன். இரண்டு தரம் சொன்னேன். ஒரு ஃபிரிட்ஜையே விலையாக வைத்துச் சொன்னேன். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்?

அடுப்பைத் தூக்கியபோது வயர் இழுத்தது. தூக்கியவன், "இது என்ன கம்பி, வெளிய போகுது?" என்றான்.

"அது நான் வாங்கினது," என்றேன்.

டூஃபி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "பாருங்க மாமா, ஒரு முழ வயரக்கூட விட மாட்டேங்குறா. இவளையா என் தம்பி இத்தன வருஷம் வெச்சுச் சோறு போட்டான்? எடுத்துக்கோடி, எடுத்துக்கோ. நீ கறுப்புத் துணி துவைச்சுக் காயப்போடக் கொடி வேணுமில்ல."

"அவ வாங்கினதுன்னா அது அவளுது," என்றார் பெரியவர். "கழட்டிக் குடுங்கப்பா."

கழற்றிக் கொடுத்தார்கள். நான் அதை முழங்கையில் மெதுவாகச் சுற்றினேன். வேண்டுமென்றேதான் மெதுவாகச் சுற்றினேன், ஐயா. அது எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்று நேரம் கொடுத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தச் சமையலறை நிறைய ஆட்கள். ஒருவருக்கும் அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. எல்லோரும் கரண்டியை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் மெத்தையையும் பானை மூடியையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறைக்குக் குடிபோனேன். பழைய ஃபிரிட்ஜ்களுக்கு நடுவில் படுத்திருக்கிற பெண்ணுக்கு யோசிக்க நிறைய அமைதி கிடைக்கும்.

பிறகு டூஃபி ஆள் அனுப்பினாள். அடுப்பை எப்படிப் பொருத்துவதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லையாம், நான் வந்து வைத்துத் தர வேண்டுமாம். போனேன். சாமான் கை மாறினால் போய்ப் பொருத்திக் கொடுப்பது எங்கள் தொழில் மரியாதை. அந்த வீட்டில் செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். அது டூஃபியின் சட்டம். சமையலறைத் தரையை எந்நேரமும் துடைத்துக்கொண்டே இருப்பாள். முகம் பார்க்கலாம், அப்படி மினுமினுக்கும், ஈரம் காய்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் குடியிருக்கும் அட்டா என்ற பெண் அப்போது துடைப்பத்தோடு அங்கேதான் நின்றாள்.

ஆட்டம் காணாத மேசையாகப் பார்த்து எடுத்தேன். சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தேன். திரைச்சீலை மேலே விழாமல் ஒதுக்கிக் கட்டினேன். கெட்டிலைப் பிடுங்கி எறிந்து, அடுப்புக்குத் தனிப் பிளக் கொடுத்தேன். என் பாடத்தை முழுதாகச் சொன்னேன். முட்டை, கரண்டி, தங்கத் தட்டு, ஒன்றையும் விடவில்லை.

"பள்ளிக்கூடமே நடத்துறியே பொண்டாட்டி," என்றாள் டூஃபி. "இவ்வளவு கரிசனம் இருக்குறவ, அடுப்ப அன்னிக்கே சிரிச்ச முகத்தோட குடுத்திருக்கலாமில்ல?"

"இப்ப குடுத்துட்டேனே, வீட்டுக்காரரே."

அவள் முறைத்துவிட்டுச் சிரித்தாள். போகும்போது ஒரு கூடை தக்காளி கொடுத்தனுப்பினாள். நல்ல தக்காளிதான், அடிவரைக்கும் பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து என் கடை முன்னால் வந்து நின்றாள். லாரி இறக்கிவிட்டு வருகிற வழி, துணி ஓரத்தில் சேறு.

"உன் அடுப்பு என்னைக் கடிக்குதுடி."

"எப்பிடிக் கடிக்குது?"

"தொட்டா விரல்ல சுருக்குங்குது. எறும்பு மாதிரி."

நான் ஓர் இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கீழே வைக்கவில்லை.

"அவரோட அடுப்பில்லையா, வீட்டுக்காரரே. உங்க தம்பிதான் கையப் பிடிச்சுப் பாக்குறாரு போல. அக்கா மேல அவருக்கு அவ்வளவு பாசம்."

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "அப்பிடியா சொல்றே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த வாரத்துக்குள் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள்: என் தம்பி அடுப்பில் வந்து என்னைத் தொடுகிறான். அவளுக்கு அதில் பாதி பயம், பாதி பெருமை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாயே, அன்றைக்குத்தான் கேட்டாளே என்று மடக்குகிறீர்கள். இல்லை ஐயா. அவள் கேட்கவில்லை, குறை சொன்னாள். சந்தையில் வளர்ந்தவர்களுக்குக் கேள்வி வேறு, குறை வேறு. குறை சொல்கிறவளுக்கு விலையைக் குறைப்போம், அல்லது பேச்சை மாற்றுவோம். நான் பேச்சை மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. நான் அப்போது சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தேன். பாடகர் குழு முழுக்க எனக்குச் சாட்சி. என் குரலை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அட்டா சொன்னதைத்தான் நானும் கேட்டேன். பின்கட்டில் அவித்த கிழங்கை ஃபூஃபூவுக்கு இடித்துக்கொண்டிருந்தார்களாம். அட்டா உலக்கை போட, டூஃபி உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடிக்கும் கையைத் தண்ணீரில் நனைத்து மாவைப் புரட்டிவிட்டிருக்கிறாள். உள்ளே அடுப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. முதல்முறையாகக் கிரில் போட்டிருக்கிறாள். மீன் கருகுகிற வாசனை வந்ததும் அப்படியே எழுந்து ஓடியிருக்கிறாள். சொட்டச் சொட்ட ஈரக் கை, வெறுங்கால், துடைத்த தரை. இடது கையை அடுப்பின் தலையில் ஊன்றினாள். கதவைத் திறக்கவில்லை. தூக்கின உலக்கையோடு அட்டா காத்துக்கொண்டு நின்றாளாம், புரட்டிவிடுகிற கை திரும்பி வரும் என்று.

ஊர் என்ன சொல்லிற்று என்று உங்களுக்கே தெரியும். குவாச்சே வந்து கணக்குத் தீர்த்துவிட்டாராம். விதவையின் கட்டிலைப் பிடுங்கிய அக்காவைத் தன் அடுப்பாலேயே கொண்டுபோனாராம். அடக்கத்தில் எல்லோரும் என்னைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கினார்கள். நான் கறுப்பும் சிவப்பும் கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே வருஷத்தில் இரண்டு வீட்டுக்காரர்களையும் அடக்கம் செய்தவள், பின்வரிசையில் உட்கார முடியுமா? அப்புறம் பெரியவர் ஆனிம் என் கடை வாசலுக்கு வந்தார். வீட்டுச் சாவியைக் கொண்டுவந்திருந்தார். தரையில் சாராயம் ஊற்றி, குவாச்சேயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "போதும்ப்பா. உன் பொண்டாட்டிக்கு எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டோம். எங்கள விட்டுடு," என்று கெஞ்சினார்.  பானை வந்து மூடியோடு சேர்ந்தது. திரைக்கம்பி வந்தது. அடுப்பும் வந்தது, நான்கு பேர், துணி சுற்றிய கையால், பிணம் தூக்குவது மாதிரி தூக்கி வந்தார்கள். பச்சை வயரை மறுபடி அதன் முதுகில் முடுக்கச் சொன்னேன். நேற்றுக்கூட அதில் மீன் வாட்டி, கெங்கே சோள உருண்டையோடு சாப்பிட்டேன். உங்களுக்கு அது சாட்சிப் பொருளாக வேண்டும் என்றால் எடுத்துப் போங்கள். வயரையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

இவ்வளவு தூரம் தப்பித்தவள் ஏன் வாயைத் திறக்கிறாய் என்று உங்கள் முகம் கேட்கிறது. சொல்கிறேன். குவாச்சே நல்ல மனுஷன். ஆனால் உயிரோடு இருந்தவரை அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் என்னை மலடி என்று கூடத்தில் வைத்துச் சொன்னபோது ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது. பல்பு மாற்றவே நான் ஸ்டூலைப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள் செத்த பிறகு எழுந்து வந்து எனக்காக நியாயம் கேட்டார் என்று இந்த ஊர் பாடுகிறது. அவர் கல்லறையில் பூ வைக்கிறார்கள். அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஐயா. யார் செய்ததோ அவர் பெயர்தான் பலகையில் இருக்க வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். ஆவி எதுவும் வரவில்லை. அந்த வயரை எடுத்தது மான்சா. என் காசில் வாங்கிய வயர். குடும்பத் தலைவர் எனக்கென்று தீர்த்துக் கொடுத்த வயர். செத்துப்போனவளே எடுத்துக்கோ என்று சொன்ன வயர். எனக்குச் சேர்ந்ததைத் தவிர அந்த வீட்டிலிருந்து நான் ஒரு துரும்பையும் எடுக்கவில்லை. நான் வெட்கப்பட வேண்டியது இதில் எதுவும் இல்லை. இன்னொரு தரம் நடந்தாலும் என் வயரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், அது தப்பு. அந்த அடுப்பு ஆளைக் கொல்லும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடிக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். அவள் கையைத் துடைத்திருக்கலாம். அடுப்பு ஓடி முடியும்வரை பொறுத்திருக்கலாம். அதெல்லாம் அவள் கையிலும் ஆண்டவர் கையிலும் இருந்தது. நான் அடுப்புச் சாமான் விற்கிற விதவை. என் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது.

என்ன கேட்கிறீர்கள், செருப்பா? அட்டா சொன்னாளா? நல்ல கண்தான் அவளுக்கு. ஆமாம், அன்றைக்கு அடுப்பைப் பொருத்தப் போனபோது நான் ரப்பர் செருப்பைக் கழற்றவில்லை. டூஃபி வாசலிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள், காலில் புண் என்று சொன்னேன். புண் எதுவும் இல்லை. நீங்களே சொல்லுங்கள், ஐயா: அந்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அந்த அடுப்பைத் தொட எனக்கென்ன பைத்தியமா?